கீழவயல் மானியம்

மானியம் வாங்கியவர்களின் பெயர்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தெய்வசிகாமணி குருவிடம் ஓடி வந்தார். வங்கி வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். மடத்தின் வரவு செலவெல்லாம் அவர் பொறுப்பு.

“தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் நம் பெயரை எடுத்துவிடுவார் சாமி.”

“நம் பெயர் அதில் இருக்கிறதா?” என்றார் குரு.

“நெல் பயிரிட்ட நிலத்துக்கு அரசு கொடுக்கும் பணம். கீழவயல் பட்டா மடத்தின் பெயரில்தானே இருக்கிறது? வருஷா வருஷம் வருகிறது. அன்னதானத்தில் போட்டுவிடுகிறேன்.”

“தப்பாக வந்ததா?”

“இல்லை சாமி. சட்டப்படி வந்ததுதான்.”

“பிறகு ஏன் எடுக்க வேண்டும்?”

“துறவிக்கு எதற்கு மானியம் என்று பேசுவார்கள். கொடுப்பவர் கொடுக்கிறார், வாங்குபவர் வாங்குகிறார். ஊருக்கு ஏன் தெரிய வேண்டும்?”

குரு எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சிகாமணி பின்னால் போனார்.

அலுவலக வாசலில் கூட்டம். காகிதத்தை அப்போதுதான் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். மடத்தின் பெயர் வந்ததும், குரு நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“சத்தமாகவே படியுங்கள்” என்றார் குரு.

அவர் படித்தார். கூட்டத்திலிருந்து செங்கமலம் முன்னால் வந்தாள். கீழவயலைக் குத்தகைக்கு எடுத்து உழுபவள். புருஷன் இறந்த பிறகும் விடாமல் உழுதவள்.

“கீழவயலுக்கா பணம் வந்துச்சு?”

படித்தவர் ஆமென்று தலையாட்டினார். அவள் குருவிடம் திரும்பினாள்.

“போன வருஷம் உரம் வாங்கக் காசில்லாம ஆட்டை வித்தேன் சாமி. சினை ஆடு. குத்தகை நெல்லுல ஒரு மரக்கா குறைக்கல. இப்படி ஒரு பணம் வருதுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே?”

“இன்றுவரை எனக்கும் தெரியாது தாயி.”

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். “சாமிக்குத் தெரியாதாம்!”

சிகாமணி பதறித் திரும்பினார். குரு அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். செங்கமலத்தின் பக்கம் திரும்பினார்.

“இதுவரை வந்த பணம் முழுவதும் உன்னுடையது தாயி. இவர் கொண்டுவந்து கொடுப்பார். குத்தகையை எழுதிப் பதிவு செய்துவிடலாம். இனி உன் பெயருக்கே வரட்டும்.”

செங்கமலம் கும்பிடவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

திரும்பும் வழியில் சிகாமணிக்கு மனசு ஆறவில்லை.

“அன்னதானத்துக்கு என்ன செய்வது சாமி?”

“இருப்பதை வைத்துக் கஞ்சி காய்ச்சுவோம்.”

சிகாமணி எட்டி நடந்து குருவுக்கு இணையாக வந்தார்.

“அவன் சிரித்தானே சாமி. நீங்கள் பொய் சொன்னதாகத்தான் ஊரே நினைக்கும். ஒரு காகிதத்தை ஒட்டி உங்கள் பெயரைக் கெடுத்தார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?”

குரு நின்றார்.

“ஊரை விடுங்கள், சிகாமணி. அதை அங்கே ஒட்டாமல் இருந்திருந்தால், எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?”

சிகாமணி தலை குனிந்தார்.