கட்டில் காலைக் கடித்தது யார்?

நெல்லிக்காட்டுச் சரிவில், ஒரு பாறைக்கு அடியில் இருந்த வளையில் காத்தாயி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். ஒரு நாள் அந்தி சாயும் நேரம். அவள் படுத்திருந்த கட்டில் படாரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவள் உருண்டு போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். முதுகு முள்ளெல்லாம் மண்சுவரில் குத்தி நின்றது. திமிறித் திமிறி விடுபட்டு எழுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முள்ளம்பன்றிகள் பகலெல்லாம் தூங்கி, அந்தியில் எழுகிறவர்கள். அவளுக்கு அதுதான் காலை. விடிந்ததும் விடியாததுமாகக் கட்டிலில் இருந்து விழுந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

விழுந்த எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம். அவள் வயிற்றில் குட்டி. பதினைந்து நாளில் பிறந்துவிடும். அதற்குள் மழையும் இறங்கிவிடும். மழை இறங்கினால் அந்த வளையின் தரை கசிய ஆரம்பிக்கும். போன வருஷம் பிறந்த குட்டி அந்த ஈரத்தில் கிடந்து, குளிர் கண்டு, மூன்றாம் நாளே போய்விட்டது. இந்தக் குட்டி கட்டிலில்தான் பிறக்க வேண்டும் என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். புருஷன்காரனோ கிழங்கு தேடி மலைக்கு அந்தப் பக்கம் போனவன், பௌர்ணமிக்குத்தான் வருவான். எல்லாவற்றையும் அவள் ஒருத்தியே பார்க்க வேண்டியிருந்தது.

கட்டில் உடைவது இது மூன்றாவது தடவை. முதல் கட்டில் மரங்கொத்தி மேஸ்திரி செய்து கொடுத்தது. அதன் தலைமாட்டு வலது கால் உடைந்தது. மேஸ்திரியே வந்து வேறு கால் வைத்துக் கொடுத்தார். பத்து நாளில் அதுவும் உடைந்தது. சரி, கட்டிலே சரியில்லை என்று அதைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, நரி சிங்காரத்திடம் ஒரு கூடை நெல்லிக்காய் கொடுத்துப் புதுக் கட்டில் வாங்கினாள். இப்போது அந்தப் புதுக் கட்டிலும் போயிற்று. உடைந்தது எது தெரியுமா? அதே தலைமாட்டு வலது கால்.

காத்தாயி முதலில் மேஸ்திரியிடம் போனாள். அவர் மரத்தில் இருந்து இறங்கக்கூட இல்லை. கால்தானே போயிற்று, வேறு கால் வைத்தால் சரியாகிவிடும், இதற்குப் போய்ப் புதுக் கட்டில் வாங்குவார்களா என்று மேலே இருந்தபடியே சொல்லி அனுப்பினார். அடுத்து சிங்காரத்திடம் போனாள். அவனும் கட்டிலை வந்து பார்க்கவில்லை. ஒரு தடவை உடைந்தது உடைந்ததுதான், ஒட்டுப்போட்ட கட்டிலில் பச்சைக் குட்டியைப் போடலாமா, இதைவிட உசத்தியான கட்டில் ஒன்று இருக்கிறது, தருகிறேன் என்றான். ஆனால் இந்தத் தடவை நெல்லிக்காய் செல்லாது. காத்தாயியின் வள்ளிக்கிழங்குப் பாத்தி வேண்டும் என்றான். மழைக்காலம் முழுவதும் அவளும் குட்டியும் சாப்பிட இருந்தது அந்த ஒரு பாத்திதான்.

ஒருவர் சரிசெய் என்கிறார், ஒருவர் மாற்று என்கிறார். காத்தாயி தலையில் கைவைத்துக்கொண்டு உடைந்த கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருப்பாளா? அவளுக்கு எதையும் புரட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. உடைந்த காலை எடுத்து மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தாள்.

அது உடைந்த மாதிரியே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, இளைத்து, கடைசியில் ஈர்க்குச்சி அளவுக்கு ஆன பிறகு ஒடிந்திருந்தது. வெளியே குப்பையில் கிடந்த பழைய கால்களையும் பொறுக்கி எடுத்து வந்தாள். மூன்றும் ஒரே மாதிரி இளைத்திருந்தன.

"இது தானாக உடையவில்லை, யாரோ கடித்திருக்கிறார்கள்" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

யார்? பக்கத்து வளையில் பெரியாண்டி என்ற பெருச்சாளி இருந்தான். தானியம் சேர்ப்பதும் எதையாவது கொறிப்பதும்தான் அவன் வேலை. காத்தாயிக்கு வேறு யோசனையே வரவில்லை. நேரே போய் அவன் வாசலில் நின்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். பெரியாண்டி வெலவெலத்துப் போனான். உங்கள் வாசலைத் தாண்டி நான் உள்ளே வந்ததே கிடையாது என்று சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. மழைக்கு முன்னால் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஒப்பவில்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்த மாதிரி சொல்லிவிட்டோமோ என்று உறுத்தியது. சரி, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று தீர்மானித்தாள். தானே ஒரு வாகைக் கொம்பை ஒடித்து வந்து கட்டிலுக்கு முட்டுக் கொடுத்தாள். கட்டிலைச் சுற்றி மெல்லிய புழுதியைச் சலித்துப் பரப்பினாள். எவன் வந்தாலும் காலடி விழுந்துதானே ஆக வேண்டும்? விடிந்ததும் ஏறிப் படுத்து நன்றாகத் தூங்கினாள்.

அந்தியில் எழுந்து பார்த்தால், புழுதியில் ஒரு காலடிகூட இல்லை. ஆனால் வாகைக் கொம்பின் அடியில் புதிதாக மரத்தூள் விழுந்து கிடந்தது. கொம்பில் ஒரு விரல் ஆழத்துக்குக் கடிபட்டிருந்தது.

காத்தாயிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கால் இல்லாமல் வந்து கடிக்கிறவன் எவன்? பறந்து வந்தானா? பறக்கிறவர் என்றால் மரத்தைக் கொத்துகிற மேஸ்திரி இருக்கிறாரே, வேலை கிடைக்க வேண்டும் என்று அவரே செய்திருப்பாரோ? கட்டில் விற்க வேண்டும் என்று சிங்காரம் ஆள் வைத்திருப்பானோ? இல்லை, பெரியாண்டிதான் சுவர் வழியாக வந்தானோ? யோசிக்க யோசிக்கக் காட்டில் எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. பயம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. யார் என்று தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது போலிருந்தது.

காட்டின் ஓரத்தில் ஒரு மருதாணிச் செடி உண்டு. கைநிறைய இலை பறித்து வந்து கல்லில் வைத்து நசுக்கினாள். தன் விரல் சிவந்துவிடக் கூடாது என்று ஒரு ஆலிலையால் வழித்து, வாகைக் கொம்பு முழுக்க அப்பினாள். மருதாணி பட்டால் ஒரு வாரத்துக்குப் போகாது. கடித்தவன் வாயை மூடிக்கொண்டு எத்தனை நாள் இருப்பான்? அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் படுத்ததும் தூங்கிவிட்டாள்.

எழுந்தபோது வாயெல்லாம் ஒரே கசப்பு. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பித்தம் ஏறாமல் என்ன செய்யும் என்று துப்பிவிட்டு, முதலில் கொம்பைத்தான் பார்த்தாள். கடி இன்னும் ஆழமாகியிருந்தது. மருதாணி அந்த இடத்தில் மட்டும் காணாமல் போயிருந்தது. மாட்டிக்கொண்டான் என்று துள்ளிக் குதித்தாள். வயிறு கனத்ததால் பாதிதான் குதிக்க முடிந்தது.

முதலில் மேஸ்திரி. அவர் தூங்கப் போகிற நேரம் அது. வாயைத் திறக்கச் சொன்னாள். பொந்தில் இருந்து எட்டிப் பார்த்தவர், பாதித் தூக்கத்தில் அலகைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அலகில் ஒன்றும் இல்லை.

அடுத்து சிங்காரம். விஷயத்தைச் சொல்லி, "அண்ணே, வாயைத் திறங்க" என்றாள். அவன் தாராளமாகத் திறந்தான். பல் வெள்ளைவெளேரென்று இருந்தது. மூடும்போதுதான் அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். அவன் காது இரண்டும் சட்டென்று நிமிர்ந்தன. ஏதோ சொல்ல வந்து முழுங்கிக்கொண்டான். காத்தாயி அதைக் கவனித்தாள், ஆனால் அவளுக்கு விளங்கவில்லை.

"யாரு கடிச்சா என்ன, தாயி? நீ அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் குட்டி வயித்துல நிக்குமா, மழை வானத்துல நிக்குமா? பாத்தியை இன்னைக்கே காட்டிரு. கட்டில் இன்னைக்கே வந்துரும்" என்றான் சிங்காரம்.

அவசரப்படுத்துகிறானே என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் தூரத்தில் இடி முழங்கியது. வயிற்றுக்குள் குட்டி புரண்டது. சரி என்று தலையாட்டினாள். இன்னும் ஒரு வாயைப் பார்த்துவிடுகிறேன், நீங்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பெரியாண்டியின் வளைக்குப் போனாள்.

பெரியாண்டி தானியத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். போகச் சொன்னதால் போகத் தயாராகியிருந்தான். வாயைத் திற என்றதும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திறந்தான். மேல் பல், கீழ்ப் பல், நாக்கு எல்லாவற்றையும் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சிவப்பு துளிக்கூட இல்லை.

பெரியாண்டி வாயை மூடிவிட்டு அவளையே பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, சொன்னா கோவிச்சுக்குவீங்க" என்றான்.

"கோவிக்க மாட்டேன், சொல்லு."

மூலையில் இருந்த பானையோட்டில் தண்ணீர் இருந்தது. அவன் அதை மெல்ல அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

காத்தாயி குனிந்து பார்த்தாள். தண்ணீரில் ஒரு முள்ளம்பன்றி தெரிந்தது. அதன் உதடு சிவப்பு, மீசை சிவப்பு, மோவாய்வரை வழிந்த சிவப்பு. ஒரு கட்டு வெற்றிலையை ஒரே வாயில் போட்டுக் குதப்பிய மாதிரி இருந்தது.

அவள் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். அதே கசப்பு. வாய்க்கசப்பு பித்தம் இல்லை. புழுதியில் காலடி விழாததும் இப்போது விளங்கியது. திருடி கட்டிலைவிட்டு இறங்கினால்தானே காலடி விழும்? வெட்கம் தாங்காமல் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். எத்தனை பேரை வாயைத் திறக்கச் சொன்னாள், எல்லோருக்கும் முன்னால் இந்த வாயை வைத்துக்கொண்டு!

கொஞ்ச நேரம் கழித்து விரலிடுக்கு வழியாகப் பெரியாண்டியைப் பார்த்தாள். வெட்கம் போய்ப் பழைய குறுகுறுப்பு வந்துவிட்டது.

"நான் எதுக்குடா தூக்கத்துல மரத்தைக் கடிக்கிறேன்?" என்று கேட்டாள்.

"நம்ம பல்லு அப்படித்தான், அக்கா. அது வளர்ந்துக்கிட்டே இருக்கும். நான் நாள் பூராக் கொறிக்கிறதும் அதுக்காகத்தான். முன்னெல்லாம் நீங்க காட்டுல சுத்திப் பட்டை, வேரு, எலும்புன்னு கடிப்பீங்க. வயிறு பெருத்ததுல இருந்து வாசல்ல உக்காந்து பழுத்த பழமாத் தின்னுறீங்க. பல்லு சும்மா இருக்குமா? தலைமாட்டுல எது இருக்கோ அதைக் கடிக்குது."

காத்தாயி தன் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். உண்மைதான், கொஞ்சம் நீண்டிருந்தது. கால் உடைய ஆரம்பித்ததும் வயிறு பெருக்க ஆரம்பித்ததும் ஒரே சமயம்தான் என்பது அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று பெரியாண்டியைக் கேட்க வாயெடுத்தாள். முன்னால் அவனை எங்கே பேசவிட்டாள்? பேசாமல் அவனுடைய மூட்டையை அவிழ்த்து, தானியத்தை இருந்த இடத்திலேயே கொட்டினாள். "தெரியாம பேசிட்டேன் தம்பி, மனசுல வெச்சுக்காதே" என்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சிங்காரம் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அண்ணே, என் வாயைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?" என்றாள் காத்தாயி.

சிங்காரம் கட்டிலை இறக்கவில்லை. "அடுத்தவங்க மூஞ்சியைப் பத்திப் பேசுறது வியாபாரத்துல மரியாதை இல்லை, தாயி" என்றான்.

"இந்தக் கட்டிலை வாங்கியிருந்தா பத்து நாள்ல அதையும் தின்னிருப்பேன். குட்டியும் தரையில கிடந்திருக்கும், பாத்தியும் போயிருக்கும். தூக்கிட்டு வந்தீங்கல்ல, அப்படியே தூக்கிட்டுப் போங்க."

மறுநாள் மேஸ்திரி வந்து கட்டிலுக்கு நல்ல வேங்கை மரக் கால் ஒன்று வைத்துக் கொடுத்தார். இந்தத் தடவை காத்தாயி அவரைக் கீழே இறங்கி வரவைத்து, மூன்று பழைய கால்களையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றிலும் இருந்த பல்தடத்தை அலகால் தடவிப் பார்த்தார். பெரியாண்டி எங்கிருந்தோ காய்ந்த எலும்பு ஒன்றை இழுத்து வந்து அவள் தலைமாட்டில் போட்டான். அன்று முதல் அவள் எழுந்திருக்கும்போதெல்லாம் எலும்பில்தான் கடி விழுந்திருந்தது. வேங்கைக் காலில் ஒரு கீறல்கூட இல்லை.

மழை பதின்மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டது. வளையின் தரை முழுக்கச் சேறாகி, கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. பெரியாண்டியின் வளையிலும் தண்ணீர் ஏறவே, காத்தாயி அவனைக் கூப்பிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்காரவைத்தாள். அந்த மழையிலேதான் குட்டி பிறந்தது. போன வருஷம் மாதிரி ஆகிவிடுமோ என்று மூன்றாம் நாள் அவள் கண்ணை மூடவே இல்லை. குட்டியோ கட்டிலின் நடுவில், காய்ந்த இலைமேல், சூடாக, வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது.

ஆகவே பிள்ளைகளே, உடைந்த பொருளைச் சரிசெய்வதா மாற்றுவதா என்று ஊரெல்லாம் கேட்பதற்கு முன்னால் அது ஏன் உடைந்தது என்று பார்க்க வேண்டும். யாரால் உடைந்தது என்று தேடும்போது முதலில் தன் வாயைத்தான் தண்ணீரில் பார்த்துக்கொள்ள வேண்டும்.