நாலு டயரு, நாலு எலுமிச்சம்பழம்

"டீச்சர், என் காரு விக்கவே மாட்டேங்குதுங்க. அது வீட்டுல நிக்கிற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

நாச்சிமுத்து இதைச் சொன்னது சாமியார்கிட்ட இல்லீங்க. பொள்ளாச்சியில டிரைவிங் ஸ்கூல் நடத்துற பிலோமினா டீச்சர்கிட்ட. இவருக்கு அறுபத்தொண்ணு, அந்தம்மாவுக்கு முப்பத்தெட்டு. இருந்தாலும் ஊருல எவனுக்கு மண்டை குழம்புனாலும் அங்கதான் போவான். கிளச்சு எது, பிரேக்கு எதுன்னு கத்துக்கப் போனவன், பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்த கதையெல்லாம் உண்டு.

டீச்சர் மைதானத்துல குனிஞ்சு, எட்டுப் போட்டுப் பழகுறவங்களுக்காகச் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கிட்டு இருந்தாங்க. நிமிரல.

"என்ன காருங்கண்ணா?"

கேட்டிருக்கக் கூடாது. மனுசன் கோலி சோடாவாட்டம் பொங்கிட்டாரு.

"எழுவது வருசத்துக் காருங்க! ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. கூரையை நாலு இஞ்சு வெட்டி எறக்கி, பின்னாடி தண்டி டயரு மாட்டி, மூஞ்சியில தீ எரியற மாதிரி பெயின்ட் அடிச்சிருக்கேன். ஹாட் ராடுன்னு சொல்லுவாங்க. வெளிய பாத்தாத்தான் பழசு. உள்ள ஏசி, பவர் ஸ்டியரிங், ரிவர்ஸ் கேமரா, பாட்டுக் கேக்க ப்ளூடூத்து! இடது பக்க சீட்டு முதுகையே பிடிச்சு விடுமுங்க!"

"வலது பக்க சீட்டு?"

"அது நான் உக்கார்றதுங்க. அதுக்கெதுக்கு?"

டீச்சர் எட்டுக்கு வயித்தை வளைச்சாங்க.

இடது பக்கம் யாருக்குன்னு கேக்கறீங்களா? அவரு வீட்டுக்காரம்மா மயிலாத்தாவுக்கு. அந்தம்மாவுக்குக் காருல ஏறுனாலே வாந்தி. கல்யாணமான புதுசுல ஊட்டிக்குக் கெளம்புனவங்க, மேட்டுப்பாளையத்தைத் தாண்டல. அப்பச் சொன்னாரு நாச்சிமுத்து: "குலுங்காத, புழுங்காத காரு ஒண்ணு உனக்குக் கட்டித் தர்றேன் பாரு!"

கட்டுனாரு. ஒம்பது வருசம். வீட்டு சோபாத் தலகாணியில இருந்த நீலப்பூத் துணி அந்தம்மாவுக்குப் பிடிக்கும்னு, அதே துணியிலதான் இடது சீட்டுக்கு உறை. அளவு பாக்க சோபாவுக்குப் போனப்ப நாலு தலகாணியில மூணுதான் இருந்துச்சு.

"நாலாவது எங்கடி?"

"கடன் குடுத்திருக்கேன், வரும் போங்க"ன்னு சிரிச்சாங்களாம்.

வேலை முடிய இன்னும் பத்து நாளு. சமையல்கட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல.

வருசம் ஒண்ணாச்சு.

"யாருமே வந்து பாக்கலீங்களா?"ன்னாங்க டீச்சர்.

வராம என்ன? சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான். "ப்ரோ, செம வண்டி ப்ரோ! ஒரு ரவுண்டு போலாமா ப்ரோ?"

"போகக் கூடாதுங்க."

பாலக்காட்டுக்காரரு ஒருத்தரு. "கொள்ளாம் சேட்டா! ஒண்ணு ஓடிச்சு நோக்கட்டே?"

"நோக்கக் கூடாதுங்க."

திருப்பூர்க்காரரு கடுப்பாயிட்டாரு. "ஏனுங்க, ஓடுமா ஓடாதா? அதையாச்சும் சொல்லுங்க!"

"ஓடுமுங்க. ஓட்டக் கூடாது."

வண்டிக்குப் பூஜை போட்டு, நாலு டயருக்கு முன்னாடியும் எலுமிச்சம்பழம் வெச்சிருக்காரு. அதை நசுக்கிட்டுப் போற மொதச் சவாரியில மயிலாத்தா உள்ள உக்காந்திருக்கணும். அந்தம்மா வர்ற வழியில்ல. பழம் காயுது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம காஞ்சதை எடுத்துப் போட்டுட்டுப் புதுசு வெக்கறாரு.

"விக்கணும்ங்கறீங்க. ஓட்ட விட மாட்டேங்கறீங்க."

"ஆமாங்க டீச்சர். நான் என்னதான் பண்ணட்டும்? காலையில கதவைத் தொறந்தா அது நிக்குது. அந்த சீட்டு சும்மாக் கெடக்குது. நாமளும் அதுக்குள்ளயே உக்காந்து கண்ணை மூடிட்டாத் தேவலைன்னு தோணுதுங்க."

சுண்ணாம்பு வாளியை டீச்சர் கீழ வெச்சாங்க. ஆபீசுக்குள்ள போயி, ஒரு துணிப் பையில என்னத்தையோ திணிச்சு எடுத்துக்கிட்டு வந்தாங்க.

"வாங்க, போலாம்."

வீட்டுக்குப் போயி, காரை ஒரு சுத்துச் சுத்தி வந்தாங்க. வலது பக்கக் கதவைத் தொறந்தாங்க. பையில இருந்ததை எடுத்து, டிரைவர் சீட்டுல முதுகு சாயற எடத்துல வெச்சாங்க.

தலகாணி. நீலப்பூ.

நாச்சிமுத்து தலகாணியைப் பாத்தாரு. இடது சீட்டைப் பாத்தாரு. திரும்பத் தலகாணியைப் பாத்தாரு.

"இது... எங்க வீட்டுது."

"காரு மொத மொத ஓடற அன்னிக்கு எடுத்துக்கறேன்னு சொல்லிக் குடுத்தாங்க. அது வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாங்க."

"அவ எதுக்குங்க உங்ககிட்ட..."

"ஏறுங்கண்ணா. அந்தப் பக்கம்."

இடது பக்கம் ஏறி உக்காந்தாரு. ஒம்பது வருசம் கட்டுன மனுசன், அந்த சீட்டுல உக்கார்றது அதுதான் மொதத் தடவை. டீச்சர் தலகாணியில சாஞ்சு சாவியைத் திருகுனாங்க. எஞ்சின் உறுமுச்சு.

"டீச்சர், பழம்! பழமுங்க!"

சொத்து. சொத்து. சொத்து. சொத்து.

கார் ஆனைமலை ரோட்டுல ஏறுச்சு. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு ஓடுது. ஏசி ஜில்லுங்குது. சீட்டு முதுகைப் பிடிச்சு விடுது. ஒரு குலுக்கல் கெடையாது. மொத வளைவுல நாச்சிமுத்துக்கு நெத்தி வேர்த்துச்சு. ரெண்டாவது வளைவுல வாயில எச்சி ஊறுச்சு.

"நிறுத்துங்க டீச்சர்! நிறுத்துங்க!"

கதவைத் தொறந்து ரோட்டோரம் குனிஞ்சாரு. ஒம்பது வருச வேலையும் ஒரே மூச்சுல வெளிய வந்துருச்சு.

டீச்சர் தண்ணி பாட்டிலை நீட்டுனாங்க.

"அக்காவும் இந்த எடத்துலதான் நிறுத்தச் சொல்லுவாங்க."

அவரு வாயைக் கொப்புளிச்சாரு. கண்ணுல தண்ணி. வாந்தி எடுத்த தண்ணியா, வேறயான்னு எனக்குத் தெரியாது.

"அப்புறம்?"

டீச்சர் எறங்கி, வலது பக்கக் கதவை அகலமாத் தொறந்து வெச்சுட்டு ஒதுங்கி நின்னாங்க. சீட்டுல தலகாணி மட்டும் இருந்துச்சு.

"அப்புறம் இந்தப் பக்கம் வந்து உக்காந்துக்குவாங்க. நம்ம ஸ்கூல் காருல எட்டு மாசம் ஓட்டுனாங்க. ஓட்டறப்ப அவங்களுக்கு ஒரு நாளும் வாந்தி வந்ததில்லீங்கண்ணா."