கீறலை மூடாதீங்க

புதுக் குடத்தில் முதல் கீறல் விழுந்த அன்று உங்களுக்கு வயிறு எரிந்ததா இல்லையா? ரெமிஜியுசுக்கு அது வாரம் தவறாமல் எரிந்தது.

கடலோரப் பட்டறையில், அலுமினியப் படகுகளுக்குப் பூச்சு பூசும் வேலையை ஜெசிந்தாவிடம் கற்றுக்கொண்டிருந்தார் அவர். அவளைவிட வயதில் மூத்தவர்தான். மருமகன் கடலுக்குக் கொண்டுபோகப் போகிற படகைத் தன் கையால்தான் பூசுவேன் என்று ஒரே பிடி. முதலில் ஒரு தகட்டில் பூசிக் காட்ட வேண்டும். அவள் சரி என்றால்தான் படகைத் தொடலாம்.

முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் தகட்டோடு வந்து நிற்பார். அவள் ஆணியை எடுத்துக் குறுக்கும் மறுக்குமாக இழுப்பாள். அப்படியே உப்புத்தண்ணீர் வாளிக்குள் போட்டுவிடுவாள்.

"எதுக்கு மேஸ்திரி இப்படிப் பாழாக்குறீங்க?"

"ஊறட்டும், பாப்போம்."

சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் கீறலைக் காணோம்.

"அண்ணே! இதையும் மூடிட்டீங்களா?"

"வெள்ளையா பொடி பூத்துக் கிடந்துச்சு. பாக்கச் சகிக்கல. பிரஷ்ஷால லேசா ஒரு தடவு…"

"அலுமினியத்துக்கு அதுதான் துரு. பூக்குதான்னு பாக்கத்தானே போட்டேன்! காய்ச்சல் பாக்க வெச்ச தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணில முக்கிட்டு, புள்ளைக்குச் சரியாயிடுச்சுன்னு சொல்வீங்களா?"

தலையில் அடித்துக்கொண்டு, தன் வாளியிலிருந்து ஒரு தகட்டை எடுத்து நீட்டினாள். மங்கலான மஞ்சள். நடுவே ஆழமான கீறல். உள்ளே தகடு வெள்ளிபோல் சுத்தமாக இருந்தது. பொடியே இல்லை.

"இதுல என்ன பூசுனீங்க?"

"அசிங்கமா இருக்குன்னு நீங்க விட்டுட்டீங்களே, அந்த அடிப்பூச்சுதான். கீறல்ல தண்ணி பட்டா அதுல இருக்கற மருந்து கசிஞ்சு வந்து தகட்டைக் காப்பாத்தும்."

"ஆனா பளபளப்பு இல்லையே மேஸ்திரி."

"நடுக்கடல்ல நங்கூரம் உரசும்போது, உங்க மருமகன் பக்கத்துல பிரஷ்ஷோட உக்காந்திருப்பீங்களாண்ணே?"

ரெமிஜியுஸ் அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார்.

அடுத்த முறை மங்கலான தகட்டோடு வந்தார். ஆணியையும் அவரே எடுத்துக் கொடுத்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த பிரஷ்ஷை உருவினார்.

"நல்லா ஆழமா கீறுங்க மேஸ்திரி. அப்புறம் இதையும் என் கண்ணுல படாம எங்கயாவது ஒளிச்சு வெச்சிடுங்க."