கை பட்ட தண்ணீர்

உடையப்பன் கண்மாயைச் சுற்றிக்கொண்டு குழந்தையம்மையின் குடிசைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கண்மாயோடு ஊர் எல்லை முடிந்துவிடும். குடிசை அந்தப் பக்கம்.

அம்மைக்கு நாற்பது வயது. சீடன் உடையப்பனுக்கு ஐம்பத்தாறு. அதனால் அவர் அவனை அண்ணே என்பார். அவன் தாயே என்பான்.

அம்மை பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

"மழை நின்னு பயிர் மஞ்சளாயிருச்சு தாயே. இன்னும் நாலு நாள் தாங்காது. ஊர் என்னைச் சிறையில வெச்சிருக்கு."

"கதவைப் பூட்டினாங்களா?"

"இல்லை."

"அப்ப அது சிறை இல்லை. வேற சொல்லுங்க."

"காலைக் கட்டிப் போட்டுட்டாங்க."

"இவ்வளவு தூரம் எப்படி நடந்து வந்தீங்க?"

"சரி, வேலி போட்டுட்டாங்க."

"எங்கே போகக் கூடாதுன்னாங்க?"

உடையப்பன் யோசித்தான். "அப்படி எந்த இடத்தையும் சொல்லலை." அவனுக்குக் கோபம் வந்தது. "தடைன்னு வெச்சுக்கங்க தாயே. போதுமா?"

"யாருக்கு?"



ஊர்த்தலைவர் செம்பையா கண்மாய்க்குள் கரை போட்டு நிலம் சேர்த்துக்கொண்டார். உடையப்பன் அதைத் தாலுகா அலுவலகத்தில் போய்ச் சொன்னான். அதற்காக ஆவணியில் ஊர் அவனை விலக்கிவைத்தது. நாலு மாதமாக ஊருக்குள் ஒருவர்கூட அவனிடம் பேசவில்லை. யார் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று அவனுக்கு வரிசையாகத் தெரியும்.

"தண்டோராவில சொன்னதை அப்படியே சொல்லுங்க" என்றார் அம்மை.

அவனுக்கு அது மனப்பாடம். "உடையப்பனோட யாரும் பேசக் கூடாது. அவனை யாரும் தொடக் கூடாது. அவன் கை பட்டதையும் யாரும் தொடக் கூடாது. மீறினா அவங்களுக்கும் இதே விலக்கு. செம்பையாவே வாயால சொல்லிக் குடுத்தது தாயே. கை பட்டதுங்கிறதை அவன்தான் சேர்த்தான்."

"தண்ணி பாய்ச்சக் கூடாதுன்னு அதுல இல்லையே."

"இல்லை. ஆனா நீர்ப்பாய்ச்சி வந்து, உன் முறைன்னு கூப்பிடணும். வெள்ளிக்கிழமை என் முறை. அவன் கூப்பிட மாட்டேங்கிறான்."

"கூப்பிடாம மடையைத் திறந்தா?"

"அப்படி இந்த ஊர்ல யாரும் திறந்ததில்லை தாயே."

அம்மை முறத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"மறுபடி சொல்லுங்க. ஊர் செய்யக் கூடாதுன்னு வந்தா ஒரு பயறை அந்தப் பக்கம் வையுங்க. நீங்க செய்யக் கூடாதுன்னு வந்தா உங்க பக்கம்."

அவன் மெதுவாகச் சொன்னான். பயறு வைத்தான். அந்தப் பக்கம் மூன்று பயறு சேர்ந்தது. அவன் பக்கம் வெறும் சாணி மெழுகிய தரை.

அந்தத் தரையை வெகு நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். ஆவணிக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை தாயே" என்று எழுந்தான்.

நேரே வயலுக்குப் போய், வாய்க்காலில் நின்று தன் வயல் மடையை மண்வெட்டியால் வெட்டித் திறந்தான். நீர்ப்பாய்ச்சி ஓடி வந்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். மண்வெட்டியைப் பிடுங்கக் கை நீட்டினான், மடக்கிக்கொண்டான்.

உடையப்பன் அவசரப்படாமல் குனிந்து, கையை முழங்கை வரை வாய்க்காலில் கழுவினான். முகமும் கழுவினான். மீதித் தண்ணீர் கீழே செம்பையாவின் வயலுக்குப் போனது.

அங்கே பன்னிரண்டு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வரப்பில் ஏறி நின்றுகொண்டார்கள்.

செம்பையா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏன் கரையேறிட்டீங்க?"

"தண்ணியில அவரு கை பட்டுருச்சு தலைவரே" என்றாள் இருளாயி. "இறங்கினா எங்களையும் தள்ளி வெச்சிருவீங்களே."

"நான்தானே சொல்றேன், இறங்குங்க."

"நீங்க முதல்ல இறங்குங்க. பின்னாடியே வர்றோம்."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"மடையை அடைக்கச் சொல்லுங்க அவனை!"

"நாங்க எப்படித் தலைவரே பேசுறது?"

செம்பையா வாய்க்கால் வரைக்கும் போனார். அங்கிருந்த வேப்பமரத்தைப் பார்த்து, "மடையை அடைச்சா நல்லது" என்றார். வேப்பமரம் பேசாமல் நின்றது. உடையப்பன் அதன் நிழலில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து பழைய சோறு சாப்பிட்டான். வெங்காயத்தைச் சத்தம் கேட்கக் கடித்தான்.

பொழுது சாயும்போது அவன் வயல் நிறைந்தது. மடையை அவனே அடைத்தான்.

மறுநாள் செம்பையாவின் வயலில் ஒருவரும் இறங்கவில்லை. அதற்கும் மறுநாள் இறங்கவில்லை. பாதியில் விட்ட களை அப்படியே நின்றது. மூன்றாம் நாள் காலையில் செம்பையாவும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் கண்மாயைச் சுற்றிக்கொண்டு குடிசைக்கு வந்தார்கள். உடையப்பன் அங்கே விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"விலக்கை எடுத்தாச்சு தாயே" என்றார் செம்பையா. "அவன்கிட்ட நீங்க சொல்லிருங்க."

"இதோ இருக்காரே. நீங்களே சொல்லுங்க."

"எப்படி தாயே? ஊர்ல யாரும் இன்னும் பேசலையே."

"யாராவது ஒருத்தர் முதல்ல பேசணும்" என்றார் அம்மை.

நாலு பெரியவர்களும் செம்பையாவைப் பார்த்தார்கள். செம்பையா துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"உடையப்பா... சாப்பிட்டியா?"

உடையப்பன் ஒரு கட்டையைப் பிளந்தான். இன்னொன்றை நிறுத்திவைத்தான். அதையும் பிளந்தான்.

"உடையப்பா!" செம்பையா ஓரடி முன்னால் வந்தார். "சாப்பிட்டியாப்பா?"

உடையப்பன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு அம்மையிடம் திரும்பினான்.

"பதில் சொல்லியே ஆகணுமா தாயே?"

"கட்டாயம் இல்லை அண்ணே" என்றார் அம்மை. "சொன்னா, நீங்களாச் சொன்னதா இருக்கட்டும்."