சொட்டாத வண்டி

"எனக்குக் காவி குடுத்துடுங்கம்மா," என்றார் குழந்தைவேலு. "கோபமெல்லாம் அடங்கிடுச்சு. மகன் நினைப்பு வந்தாக்கூட மனசு ஆடறதில்லைங்க."

தவமணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடரைவிட வயதில் இளையவர். கோத்தகிரிக்கு மேலே இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்தில் அவர் சொல்தான் சொல். அங்கே காவி வாங்கியவர்கள் வீடு திரும்புவதில்லை.

"எப்ப இருந்து ஆடலை?"

"இங்க வந்ததில இருந்தேங்க."

அம்மா முறத்தை ஓரமாக வைத்தார். "காரை எடுங்க. குன்னூர்ல போய்த் துணி வாங்கிட்டு வரலாம்."

என்ன துணி என்று குழந்தைவேலு கேட்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

அது ஒரு எஸ்டேட்காரர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய வெளிநாட்டு கார். கோயமுத்தூரில் டூரிஸ்ட் வேன் ஓட்டியே தலை நரைத்தவர் குழந்தைவேலு. ஆசிரமத்தில் அந்தக் கார் அவர் பொறுப்பு.

பனி இறங்கியிருந்தது. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

கொஞ்ச தூரத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. முன்கண்ணாடியில் ஆவி படர்ந்தது. குழந்தைவேலு வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, சூடு தணியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து பார்த்தார்.

"ஹீட்டருக்குச் சுடுதண்ணி விடற வால்வுங்கம்மா. விரிசல் விட்டு ஒழுகுது. இந்த வண்டிக்கு இங்கெல்லாம் கிடைக்காது. கோயமுத்தூர்ல தேடணும்."

"அதுவரைக்கும்?"

"தற்காலிகமா ஒண்ணு பண்ணலாங்க."

இன்ஜினிலிருந்து வால்வுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினார். அதை வளைத்து, ஹீட்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வந்து சேரும் இடத்திலேயே மாட்டி, கிளிப்பை இறுக்கினார். தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினார். கீழே படுத்தும் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"ஒரு சொட்டு இல்லைங்க."

"வால்வு சரியாயிடுச்சா?"

"அது அப்படியேதான் இருக்குங்க. அந்தப் பக்கம் தண்ணியே போகாமப் பண்ணிட்டேன். அதனாலதான் சொட்ட..."

பானெட்டுக்குள் இருந்த வால்வையே பார்த்தார்.

அம்மா ஏறி உட்கார்ந்தார்.

கார் ஓடியது. ஹீட்டர் இல்லாமல் கால் விறைத்தது. கண்ணாடியை அடிக்கடி துணியால் துடைக்க வேண்டியிருந்தது.

"எம் பொண்டாட்டி தவறினப்ப நான் காசியில இருந்தேங்க," என்றார் குழந்தைவேலு, சாலையைப் பார்த்தபடியே. "வேன் நிறைய ஆளுங்க. அவங்களை நடுவழியில விட்டுட்டு ஓடி வர முடியலை. வந்துடறேன், பொறுடான்னு மகன்கிட்ட போன்ல கெஞ்சினேன். அவன் பொறுக்கலை. நான் வந்தப்ப சாம்பல்தான் இருந்தது."

"இதை நீங்க சொன்னதே இல்லையே."

"இங்க யாரும் கேக்கலைங்களே."

அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

குன்னூர்ப் பாதையும் மலையிறங்கும் பாதையும் பிரியும் இடத்தில் குழந்தைவேலு வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது.

"இப்படியே எவ்வளவு தூரம் ஓடும்?" என்று கேட்டார் அம்மா.

"எவ்வளவு தூரம் வேணாலும் ஓடுங்க. குளிர்லதான் உக்காந்திருக்கணும்."

குழந்தைவேலு வண்டியைக் கீழே போகும் பாதையில் திருப்பினார். துணியைப் பற்றி அம்மா எதுவும் கேட்கவில்லை.

கோயமுத்தூர் சிங்காநல்லூரில் மகன் வீட்டுக்கு முன்னால் கார் நின்றபோது வெயில் சாய்ந்துவிட்டது.

"நீங்களும் வாங்கம்மா."

"நான் எதுக்கு?"

குழந்தைவேலு தனியாகப் போய்க் கதவைத் தட்டினார்.

மதியழகன் திறந்தான். மீசையில் நரை தெரிந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவன் கை கதவிலேயே நின்றது.

"எதுக்கு வந்தீங்க?"

குழந்தைவேலுவுக்குக் கோபம் மூண்டது. பல்லைக் கடித்தார். சாம்பலைப் பார்த்த அன்று எப்படி இருந்ததோ, அதில் ஒரு துளி குறையவில்லை.

திரும்பிப் பார்த்தார். காரில் அம்மா தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு உம்மேல இன்னும் கோபம் இருக்குடா," என்றார் குழந்தைவேலு. "இல்லைன்னு நினைச்சுட்டு இருந்தேன். இருக்கு."

மதியழகன் கதவை முழுதாகத் திறந்து விலகி நின்றான்.

"எனக்கும் இருக்குப்பா," என்றான். "உள்ள வாங்க."