சுவரில் பதிந்த ஆறாம் பூதம்

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை இருந்த காலத்தில், அனலூர் என்றொரு நாடு. அங்கே எந்த வீட்டிலும் அடுப்பே கிடையாது! ஊர் நடுவே ஒரு வட்ட மண்டபம். அதில் எட்டுப் பூதங்கள் ஒரு மணிச்சரத்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கும். சரம் சுற்றச் சுற்ற ஊருக்கெல்லாம் சூடு, உயிர்களுக்கெல்லாம் தெம்பு.

கரிமுகன் என்ற மந்திரவாதிக்கு இதைப் பார்த்து வயிறு எரிந்தது. போட்டான் ஒரு மந்திரம்! பூதங்கள் இடம் மாறின, வரிசை மறந்தன. "இது என் கைக்குப் பொருந்தாது" என்று சரத்தை ஒன்று மற்றதிடம் தள்ளியது. ஊர் சில்லிட்டது. எலுமிச்சை விற்கும் இளநாச்சியின் அம்மாவுக்கு விரல்கள் கல்லாயின. பொழுது சாய்வதற்குள் நெஞ்சும் கல்லாகிவிடும்.

கூடையைப் போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடினாள் இளநாச்சி.

"எட்டுப் பேரை நாற்பதாயிரம் விதமா நிறுத்தலாம், பெண்ணே! நீ நிறுத்தி முடிக்கறதுக்குள்ள உங்கம்மா சிலையாயிடுவா" என்று கெக்கலித்தான் கரிமுகன்.

பாவம், அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாலும் கண்ணை மூடவில்லை. ஏழு பூதங்கள் தரையில் நிற்க, ஒன்று மட்டும் சுவரோடு சுவராகப் பதிந்திருந்தது.

"உன்னை அவன் நகர்த்தலையா?"

"என்னை நகர்த்தணும்னா சுவரையே இடிக்கணும், தாயி! நகராததால மறக்கவும் இல்ல. நான் ஆறாவது. நாலு மணி கோத்த சரம் என் கைக்கு வரும். ஒரு தீப்பொறியை உருவிக்கிட்டுக் கொடுப்பேன்."

போதாதா! இளநாச்சி மற்றப் பூதங்களைப் பார்த்துக் கேட்டாள்:

"இவர் தந்தது யார் கைக்குப் பொருந்தும்?"

"எனக்கு! தண்ணீர் சேர்ப்பேன்." அது ஏழாவது.

"அது யார் கைக்குப் பொருந்தும்?"

"எனக்கு! பொறியை உருவிப் பழைய சரமாக்குவேன்." அது எட்டாவது.

"அது யார் கைக்குப் பொருந்தும்?"

"எனக்கு! புதுசா வர்ற ரெண்டு மணியை நாலோட கோப்பேன்." அதுதான் முதலாவது. ஆறு மணிச் சரத்தில் எலுமிச்சை வாசம் வீச, இளநாச்சி சிரித்தே விட்டாள்.

அப்புறமென்ன, கேட்கக் கேட்க வரிசை தானாக நின்றது. இரண்டாவது பூதம் ஒரு முடிச்சை இடம் மாற்றியது. மூன்றாவது பொறியை உருவி, ஒரு மணியைப் புகையாக விட்டது. நான்காவதும் அப்படியே செய்து, சரத்தில் ஒரு கொக்கியை மாட்டியது. ஐந்தாவது கொக்கியைக் கழற்றி, விளக்கேற்றி, ஆறாவதிடம் நீட்டியது.

சுற்று முடிந்தது! சூடு குபீரென்று கிளம்பியது. மந்திரம் தவிடுபொடி! புகையான அந்த இரண்டு மணிகளும் கரிமுகனை அள்ளிக்கொண்டு கூரை வழியே பறந்தது. "ஒண்ணை விட்டுட்டேனே!" என்ற அலறல் ஊருக்கே கேட்டது.

அம்மாவின் விரல்கள் அசைந்தன. முதல் வேலையாக மகளின் காதைத் திருகி, "கூடையை எங்கடி போட்டே?" என்றாள். ராஜா இளநாச்சியையே மண்டபத்துக்கு அதிகாரி ஆக்கினார்.

நம்பவில்லையா? உங்கள் உடம்புக்குள்ளும் எட்டு நொதிகள் இதே வரிசையில் நிற்கின்றன. படித்தவர்கள் அதைச் சிட்ரிக் அமிலச் சுழற்சி என்பார்கள். எங்கே, மூச்சை விடுங்கள் பார்ப்போம். அந்தப் புகையோடு, கரியமில வாயுவாக வெளியே போனானே, அவன்தான் கரிமுகன். ஒழியட்டும்!