அப்புறம் என்ற பெயருடைய பாட்டில்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முன்பொரு சமயம் சில அநியாயங்கள் நடந்தன. அவற்றை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். வரிசை மாறினால் எது எதற்கு வழிவிட்டது என்பது மறைந்துபோகும்.

முதலில், நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டுக்குள் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கினார்கள். கூண்டுக்கு மூச்சு முட்டியது. "அது கூண்டின் பாடு" என்று மற்றப் பொருள்கள் சும்மா இருந்தன.

அதன் பிறகு, கண்ணைக் காக்க வேண்டிய மூக்குக்கண்ணாடியை முடி விழாமலிருக்க நெற்றிக்கு மேலே ஏற்றி மாட்டினார்கள். கூண்டு வாயைத் திறக்கவில்லை. தனக்காக யார் பேசினார்கள் என்ற கோபம் அதற்கு.

அதற்கும் பிறகு, அமிலம் தெறித்தால் ஓடிப்போய்க் கண்ணைக் கழுவும் குழாயை மறித்து இரும்பு அலமாரியை நகர்த்தினார்கள். கண்ணாடி உயரத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தது. பார்த்ததோடு சரி.

கடைசியாக, நொதிகளும் கரைசல்களும் இருக்கும் ஃபிரிட்ஜுக்குள் ஒரு தயிர்சாத டப்பா வந்து உட்கார்ந்தது. மூடி வைத்த டப்பாதானே என்று யாருக்கும் அது அநியாயமாகவே தெரியவில்லை. அதனால்தான் அது எல்லாவற்றிலும் பெரிய அநியாயம்.

இத்தனைக்கும் பிறகுதான் அந்தப் பாட்டில் வந்தது.

தவசிமுத்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லுக்கான கரைசலைக் கலக்கினான். நிறமில்லை, மணமில்லை, உடம்புக்குள் போனால் நரம்பைப் பதம் பார்க்கும். ஊற்றிவைக்க ரசாயனத்துக்கான பழுப்புப் பாட்டில் கைக்கு எட்டவில்லை. குடிநீர் வந்த காலி பாட்டில் எட்டியது. அதில் ஊற்றினான். பெயர் எழுதும் பேனாவை எடுத்தான், திரும்ப வைத்தான்.

"அப்புறம் எழுதிக்கிடலாம். எனக்குத்தான் தெரியும்லா."

ஃபிரிட்ஜ் மூடிக்கொண்டது. உள்ளே தயிர்சாத டப்பா புதிய பாட்டிலை விசாரித்தது.

"ஒன் பேரு என்ன?"

"மேலே ஒட்டியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா? சுத்தமான குடிநீர்."

"உள்ளே?"

"உள்ளே இருப்பதை யார் கேட்கிறார்கள்?"

"அடேயப்பா! நீ தேர்தல்லயே நிக்கலாம்" என்றது டப்பா. "ஒன்னக் கொண்டுவந்தவன் சொன்னது 'அப்புறம்'. அதுதான் இனி ஒன் பேரு."

கதவுக்கு வெளியே, சுவரில் தொங்கிய தீயணைப்பான் இதைக் கேட்டுக் கொதித்தது. உடம்பெல்லாம் சிவப்பு. எத்தனையோ காலமாக எச்சரித்து எச்சரித்து, யாரும் கேட்காத கசப்பு அதன் வயிறு முழுக்க அடைந்திருந்தது.

"தோழர்களே! கூண்டை அடைத்தபோது கண்ணாடி பேசியிருந்தால்..."

"ஆரம்பிச்சிட்டாரு" என்றது தவசிமுத்துவின் நெற்றியில் இருந்த கண்ணாடி. "ஒம்ம வாயில சீல், கழுத்துல ஊசி. கோஷம் மட்டும் கொறைச்சல் இல்ல."

"சிரியுங்கள்! தீப்பிடித்தால் அணைக்க நான் இருக்கிறேன். தொண்டைக்குள் இறங்கிய நஞ்சை அணைக்க இங்கே யார் இருக்கிறீர்கள்?"

அந்த நேரத்தில் எப்சிபா உள்ளே வந்தாள்.

ஆராய்ச்சியை முடிக்கப்போகிற பெண். உடைந்த சோதனைக்குழாயிடம்கூட "ஐயோ, மன்னிச்சிரு" என்பவள். அங்கிருந்த எல்லாப் பொருளுக்கும் அவளைப் பிடிக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வெயிலில் வந்திருந்தாள். வராந்தாவில் இருந்த குடிநீர் இயந்திரம் வேலை செய்யவில்லை. நாக்கு வறண்டு ஒட்டியது. ஃபிரிட்ஜைத் திறந்தாள். தயிர்சாதம் தெரிந்தது; பக்கத்தில் தண்ணீர் பாட்டில் தெரிந்தது. சோறு இருக்கிற இடத்தில் தண்ணீரும் இருக்கும் என்று கை தானாக நம்பிவிட்டது.

"போச்சு!" என்று அலறியது டப்பா. "என்னப் பாத்துல்லா ஒன்ன நம்புதா!"

கூண்டு கத்தியது. குழாய் அலமாரிக்குப் பின்னால் இருந்து கத்தியது. மனிதக் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. எப்சிபா மூடியைத் திருகினாள்.

"அப்புறம்!" என்று முழங்கியது தீயணைப்பான். "கழற்று!"

"எதை?"

"உன்னுடையது அல்லாத அந்தப் பெயரை!"

"கழற்றினால் மண்டையோட்டுப் படம் போட்ட அலமாரியில் தள்ளிவிடுவார்களே! இப்போதுதான் ஒருத்தி என்னை ஆசையோடு பிடித்திருக்கிறாள்."

"அவள் ஆசைப்பட்டது தண்ணீருக்கு! உனக்கு அல்ல!"

மூடி வந்துவிட்டது. பாட்டில் அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது. உதட்டில் வெடிப்பு, அதில் ஒரு நம்பிக்கை. பாட்டிலுக்கு வியர்த்தது. உடம்பெல்லாம் வியர்த்து, அந்த ஈரம் காகிதத்துக்கு அடியில் ஓடி, பசையைக் கரைத்தது. குடிநீர் என்ற பெயர் உரிந்து எப்சிபாவின் உள்ளங்கையோடு வந்துவிட்டது.

அவள் நின்றாள். கையைப் பார்த்தாள். பெயரில்லாமல் நின்ற பாட்டிலைப் பார்த்தாள்.

"ஏல தவசி, இது தண்ணிதானல?"

தராசுப் பக்கம் நின்ற தவசிமுத்து திரும்பினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா! வாய்ல வைக்காதீங்க! ஜெல்லுக்குக் கலக்குனது! கீழ வைங்கக்கா!"

வைத்தாள். கையைக் கழுவக் குழாய்க்குப் போனாள், அலமாரி மறித்தது. ஆத்திரத்தோடு அதைத் தோளால் தள்ளி ஒதுக்கிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினாள். குழாய் முழு வேகத்தில் ஆர்ப்பரித்துக் கொட்டியது.

"அப்புறம் எழுதலாம்னுதான்க்கா... எனக்குத் தெரியும்லா..."

"ஒனக்குத் தெரியும். என் தொண்டைக்குத் தெரியுமால?"

அவள் கையுறையை நீட்டினாள். நெற்றியில் இருந்த கண்ணாடியை அவனே கண்ணுக்கு இறக்கிக்கொண்டான். கரைசலைப் பழுப்புப் பாட்டிலுக்கு மாற்றினான். வெள்ளைச் சீட்டில் எழுதி ஒட்டினான். அதற்குள் சத்தம் கேட்டு மற்ற மாணவர்களும் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். கூண்டு, கண்ணாடி, குழாய், தயிர்சாத டப்பா அத்தனையும் சாட்சிக்குத் தயாராக இருந்தன. சுவரில் தீயணைப்பான் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"சத்தமா வாசி" என்றாள் எப்சிபா. "எல்லாரும் கேக்கட்டும்."

"அக்ரிலமைடு."

"ம்."

"நரம்பைத் தாக்கும் நஞ்சு. குடிக்கக் கூடாது, தொடக் கூடாது."

"கடைசி வரி?"

அவன் பாட்டிலைத் தன் பக்கம் திருப்பினான்.

"ஊற்றியவர், தவசிமுத்து."